புதன்கிழமை மதியங்களைத் தமிழுக்குக் கொடுங்கள்

பெறுநர்: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, பெருமாட்டி முதலான கிராமப் பஞ்சாயத்துகளின் சுகாதாரம்–கல்வி நிலைக்குழு உறுப்பினர்கள், தமிழ்ப் பிரிவு உள்ள எல்.பி. (கீழ்த் தொடக்க) பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள், பி.டி.ஏ. (பெற்றோர்–ஆசிரியர் சங்கம்), எம்.பி.டி.ஏ. (தாய்மார் சங்கம்) நிர்வாகிகள்.

அன்புடையீர், வணக்கம்.

ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் பரீட்சை வரைக்கும் உள்ள இரண்டாம் பருவத்தில், புதன்கிழமை தோறும் மதியச் சோற்றுக்குப் பிறகான இரண்டு பாடவேளைகளைக் கைவேலைக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் ஒதுக்குங்கள். அதைத் தமிழிலேயே நடத்துங்கள். அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்களைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறோம், எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

நம் பள்ளிகளில் பாடம் தமிழில் நடக்கிறது, விழா மலையாளத்தில் நடக்கிறது. ஜூன் மாதப் பிரவேசனோத்சவம் (பள்ளி திறப்பு விழா), ஓணக் கொண்டாட்டம், நவம்பர் 1 கேரளப் பிறவி, நவம்பர் 14 குழந்தைகள் தினம் எல்லாவற்றிலும் மேடையில் பேசுவதும் சுவரில் ஒட்டுவதும் பாடுவதும் மலையாளம். தமிழ்ப் பிரிவுக் குழந்தைகள் ஆடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், வாய் திறப்பதில்லை. கடைசியில் அவர்கள் மனசில் தமிழ் என்றால் பரீட்சைக்குப் படிக்கிற பாஷை, சந்தோஷத்துக்கு வேறொரு பாஷை என்று பதிந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் நன்றாகத் தமிழ் வாசித்த பிள்ளை ஏழாம் வகுப்பில் தமிழில் ஒரு கடிதம் எழுதத் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மலையாளம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017-இல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை அது கட்டாயப் பாடம். இந்த ஊரில் வாழப்போகிற குழந்தைக்கு அது தேவையும்கூட. ஆனால் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறச் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. புத்தகம் மட்டும் வசதி ஆகிவிடாது. மண்ணைப் பிசைவதும் பாட்டுக் கட்டுவதும் சண்டை போட்டுச் சமாதானமாவதும் ஆறு வயதில் கல்விதான். அதில் ஒரு பங்காவது தமிழில் நடக்க வேண்டும்.

புதன் ஏன் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது, பிறகு கிடைக்கும் நேரம் சிதறிப்போகும். திங்கள்கிழமை வராத குழந்தைகள் அதிகம். நவராத்திரி, தீபாவளி, கலோத்சவம் (பள்ளிக் கலைப் போட்டி விழா), மழை எல்லாம் கழித்தாலும் 12 புதன்கிழமைகள் நிச்சயம் கிடைக்கும். அந்த 12-க்குத்தான் திட்டம் போட வேண்டும். 15 என்று போட்டால் கடைசி வேலை அரைகுறையாக நிற்கும். இரண்டு பாடவேளை சேர்ந்தால் ஏறத்தாழ 80 நிமிடம். முதல் 10 நிமிடம் கேட்பதற்கு, 50 நிமிடம் செய்வதற்கு, 10 நிமிடம் கூட்டிப் பெருக்கி எடுத்து வைப்பதற்கு, மிச்சம் 10 நிமிடம் நோட்டில் நான்கு வரி எழுதுவதற்கு. துப்புரவுக்கு நேரம் விடாத வகுப்பில் மூன்றாவது வாரமே கத்தரிக்கோல் பாதி காணாமல் போகும்; பசை ஒட்டிய பெஞ்சைப் பார்த்து மறுநாள் டீச்சர் இந்த வேலையே வேண்டாம் என்பார்.

வாரத்துக்கு ஒரு புதுப் பொருள் செய்யும் முறை வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். ஒரு வாரம் காகிதப் பூ, மறு வாரம் முகமூடி, அடுத்த வாரம் தெர்மாகோல் வீடு என்று போனால் பருவம் முடியும்போது அலமாரி நிறையும், குழந்தைக்குள் எதுவும் சேராது. இரண்டே வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மண்ணுக்குள் மெதுவாக நடக்கட்டும், ஒன்று கையில் வாராவாரம் வளரட்டும்.

மண்ணுக்குள் நடப்பது பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும் நேரமும் இரண்டாம் பருவம் தொடங்கும் நேரமும் நம் பக்கத்தில் சரியாகப் பொருந்துகின்றன. வரப்பெல்லாம் பனை நிற்கும் ஊரில் கொட்டைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கள்ளுக்குப் பாளை சீவுகிற மரத்தடியில் தேடினால் மட்டும் கிடைக்காது. சீவிய பாளை காய்க்காது. சீவாமல் விட்ட பெண் பனைக்குக் கீழே பொறுக்கச் சொல்லுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். 20 குழந்தைகள் உள்ள வகுப்புக்கு 60 கொட்டை போதும். பழத்தை நிழலில் ஒரு வாரம் குவித்து வைத்தால் சதை அழுகிக் கழன்றுவிடும், பிறகு கொட்டையைப் பிரிப்பது சுலபம்.

பாத்திதான் முக்கியம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்கு மண்ணைக் குவிக்க வேண்டும். பள்ளம் தோண்டக் கூடாது. கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழே இறங்கும். கிழங்கு அதன் நுனியில்தான் திரளும். அடிமண் இறுகியிருந்தால் கிழங்கு வளைந்து குட்டையாகும், எடுக்கும்போது முறியும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசலை அப்படியே குவித்தால் காய்ந்ததும் கல்லாகிவிடும். செம்மண் பாதி, மக்கிய சாண எருவும் காய்ந்த சருகும் பாதி என்று கலந்து போடுங்கள். சுற்றிலும் உடைந்த செங்கல்லோ தேங்காய் மட்டையோ வைத்தால் மழையில் கரையாது. மேலே கொட்டைகளை நெருக்கமாக ஒரே அடுக்காகப் பரப்பி, நான்கு விரல் மண் போட்டு மூடுங்கள். காட்டுப்பன்றி வரும் இடமென்றால் முள் அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் பருவத்து வேலை போய்விடும். தண்ணீர் மழையில்லாத வாரத்தில் மட்டும். தேங்கினால் கொட்டை அழுகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வாரங்களுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. குழந்தைகள் மறந்துவிடுவார்கள், அல்லது தினமும் தோண்டிப் பார்ப்பார்கள். அதனால் பாத்தியின் ஓரமாகப் பத்துக் கொட்டைகளைத் தனியே அடையாளம் வைத்துப் புதையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றை வகுப்பே சேர்ந்து தோண்டி எடுக்கட்டும். முளையின் நீளத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கை அளந்து வெட்டி, தேதி எழுதி, சார்ட் தாளில் ஒரே அடிக்கோட்டின் மேல் நிறுத்தி ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாவது ஈர்க்கு ஒட்டும்போதே அது வரைபடமாகிவிடும். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஈர்க்கு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்து எழுதிவைத்து, தோண்டிச் சரிபார்க்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு நீளம் குட்டை போதும். எடுத்த கொட்டையை வெட்டி உள்ளே வெள்ளையாகத் திரண்டிருக்கும் தவுனைத் தின்னக் கொடுங்கள். விதை தன் சாப்பாட்டை எங்கே வைத்திருந்தது என்பதை நாக்கால் தெரிந்துகொண்ட குழந்தைக்கு அதை விளக்கப் படம் வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில், அதாவது மார்கழியில், கிழங்கு தயாராகும். ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம் தோண்டி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து மதியச் சோற்றோடு கொடுக்கலாம். சமையல்காரம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கிழங்கு வேக நேரமாகும்.

கையில் வளர வேண்டியது நிழல்பாவை. இதை நாங்கள் வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை. நம் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடம் என்னும் ஆட்ட மேடையில், வரிசையாக 21 விளக்கு ஏற்றி, தோல் பாவைகளை ஆட்டி நடத்தும் தோல்பாவைக்கூத்தில் பாடப்படுவது கம்பனின் பாட்டு, தமிழிலேயே. மலையாள நாட்டுக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலிக்கிற இடம் அது. நம் குழந்தைகள் கைவைக்க அதைவிடப் பொருத்தமான கலை இந்த மாவட்டத்தில் வேறெது?

முதல் மூன்று புதன் கதை சேர்ப்பதற்கு. 'பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வா' என்று அனுப்பினால் பாதிப் பேர் வெறுங்கையோடு வருவார்கள். பாட்டிக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. மூன்று கேள்வி கொடுத்து அனுப்புங்கள்: இப்போது இல்லாத எந்த மரம், எந்தக் குளம் நம் ஊரில் இருந்தது? ஆளியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்த அன்றைக்கு என்ன செய்வார்கள்? எந்தப் பறவையோ மிருகமோ செய்ததைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினார்கள், சிரிக்க வைத்தார்கள்? ஃபோனில் பதிவு செய்ய வேண்டாம். ஃபோனை நீட்டியதும் பெரியவர்கள் பேச்சு விறைத்துக்கொள்ளும். கேட்டு வந்து வாயால் சொல்லட்டும், டீச்சர் கரும்பலகையில் சொன்னபடியே எழுதட்டும். பேச்சில் மலையாளச் சொல் விழுந்தால் விழட்டும், திருத்த வேண்டாம். திருத்தத் தொடங்கினால் அடுத்த வாரம் அந்தக் குழந்தை சொல்ல வராது. மூன்றாவது வாரம் வகுப்பே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும்: கதைக்கு ஒரு டம்ளர், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை.

நான்காவது வாரத்திலிருந்து பாவை. அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையைவிடச் சிறந்தது இல்லை. விறைப்பாக இருக்கும், வீட்டுக்கு வீடு கிடைக்கும், கத்தரிக்கோலால் வெட்டவும் வரும். நோட்டு அட்டை மெல்லியது, இரண்டாவது ஒத்திகையில் துவண்டுவிடும். பெட்டி அட்டையைச் சின்னக் கையால் வெட்ட முடியாது. பாவை ஒரு சாண் உயரம் இருக்க வேண்டும். முகத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகம் நிழலில் வெறும் உருண்டையாகத் தெரியும். மூக்கு, தாடை, கொண்டை, முண்டாசு எல்லாவற்றையும் கொஞ்சம் மிகைப்படுத்த வேண்டும். குழந்தைகள் முதலில் வண்ணம் தீட்டத்தான் ஆசைப்படுவார்கள். தீட்டட்டும், பிறகு அதைத் திரைக்குப் பின்னால் பிடித்துக் காட்டுங்கள். சட்டையின் நிறம் தெரியாது, ஓட்டைதான் தெரியும் என்பதை அவர்களே கண்டுபிடித்து, அடுத்த பாவையில் கண்ணையும் வளையலையும் துளையாகப் போடுவார்கள். துளையிடப் பழைய ரப்பர் செருப்பின் மேல் அட்டையை வைத்து ஆணியால் குத்தினால் போதும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இதை டீச்சரே செய்ய வேண்டும்.

ஒரு பாவைக்கு ஒரே ஒரு அசையும் கை. இரண்டு கையும் அசைய வேண்டுமென்றால் மூன்று குச்சி பிடிக்க வேண்டும், எட்டு வயதுக்கு அது ஆகாது. தோள்பட்டையில் இரு அட்டையையும் சேர்த்துத் துளைத்து, தடித்த நூலைக் கோத்து இருபக்கமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுப் போடும்போது அட்டைக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, பிறகு உருவிவிட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கை மடங்காது, அதிகமானால் தொங்கும். பாவைகள் ஆடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த முடிச்சுதான். குச்சிக்குத் தென்னை ஈர்க்கு உதவாது, வளையும். ஓரடி நீள மூங்கில் சிம்பு வேண்டும். பத்தடி மூங்கில் ஒன்றைப் பிளந்தால் வகுப்புக்குத் தாராளமாகக் கிடைக்கும். சிம்பின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்காமல் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. குச்சியைப் பாதத்தில் கட்டினால் பாவை நேராக நிற்காது. கழுத்திலிருந்து இடுப்பு வரை உடம்போடு சேர்த்து ஒட்டிக் கீழே நீட்டிவிடுங்கள்.

பசை கடையில் வாங்க வேண்டாம். 100 கிராம் மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் அரை லிட்டர் வரும்படி கொதிநீர் சேர்த்து, கண்ணாடி போலாகும் வரை கிளறினால் வகுப்புக்கு ஒருநாள் பசை. கெடாமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. குழந்தைகள் விரலை வாயில் வைப்பார்கள், அது விஷம், வேண்டவே வேண்டாம். மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள்.

திரைக்கு நான்கு முழ வெள்ளை வேட்டி. நான்கு ஓரமும் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் முகம் உடையும். கூத்துமாடத்துத் திரையில் மேலே வெள்ளையும் கீழே கறுப்பும் இருப்பதைப் போல நாமும் கீழே இரண்டரை அடிக்குக் கறுப்புத் துணி கட்டினால் உட்கார்ந்து ஆட்டும் குழந்தைகள் மறைந்துவிடுவார்கள். வெளிச்சத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். பால் வெள்ளைக் கூடு போட்ட எல்.இ.டி. பல்பும் டியூப் லைட்டும் வெளிச்சத்தைப் பரப்பும், அதனால் நிழலின் ஓரம் கரைந்துபோகும். சின்னப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் கூர்மையான நிழல் தரும். ஒத்திகைக்கு ஃபோனின் டார்ச்சே போதும். விளக்கு திரையிலிருந்து ஆறடி பின்னால், பாவை திரையை ஒட்டி. பாவையை நடுவே, விளக்குக்கும் திரைக்கும் சரிபாதியில் பிடித்தால் நிழல் இரண்டு மடங்காகும். பூதம் வர வேண்டிய காட்சியில் அதுவே தந்திரம், நான்காம் வகுப்புக்குக் கணக்கும்கூட. மின்சாரம் இல்லாத மதியத்தில், மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து விழும் மேற்கு வாசலில் திரையைக் கட்டினால் சூரியனே விளக்கு. அப்போது பாவையைப் பின்னால் இழுத்தாலும் நிழல் பெரிதாகாது. ஏன் என்று குழந்தைகளே கேட்பார்கள், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி கூடவே கூடாது; துணிக்குப் பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வசனம் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய நீளம். பாவையைப் பிடித்த கை காகிதத்தைப் பிடிக்க முடியாது, அதனால் ஒரு பாவைக்கு இரண்டு பேர்: ஒருவர் ஆட்ட, ஒருவர் பேச. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை ஆட்டத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பேசவும் வந்துவிடும். முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியம் அது. பாத்திரங்கள் வீட்டுத் தமிழில் பேசட்டும், கதை சொல்லி மட்டும் புத்தகத் தமிழில் சொல்லட்டும். இரண்டும் தமிழ்தான், இரண்டுக்கும் இடம் வேறு என்பதை இலக்கணம் சொல்லாமலே குழந்தை பிடித்துக்கொள்ளும்.

மண்பொம்மை செய்ய ஆசைப்படும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: கரிசலில் செய்தால் காயும்போது பிளக்கும், அந்த மண் அவ்வளவு சுருங்கும். குளத்து வண்டல் மூன்று பங்குக்கு மணல் ஒரு பங்கு கலந்து, கட்டைவிரல் கனத்துக்கு மேல் போகாமல் செய்து, நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள்.

மலையாளப் பிரிவுக் குழந்தைகளைப் பார்வையாளராகவும், விரும்பினால் பாவை ஆட்டவும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகம் தமிழில் இருக்கட்டும். போட்டி, பரிசு, முதலிடம் எதுவும் வேண்டாம். கலோத்சவத்தில் அதெல்லாம் போதுமான அளவு இருக்கிறது. பெற்றோர் வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கும் பாவையை வாங்கிக்கொள்ளவே கூடாது. கோணல்மாணலாக வெட்டினாலும் பிள்ளை வெட்டியதுதான் திரைக்கு வர வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குக் குறிப்பாக: அரசு எல்.பி. பள்ளிகள் உங்கள் பொறுப்பில் இருப்பவை. ஒரு வகுப்புக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் 10, வேட்டி 2, கறுப்புத் துணி 3 மீட்டர், மைதா 1 கிலோ, தடித்த நூல் 2 கண்டு, மூங்கில் 1, உப்புத்தாள் 5, சார்ட் தாள் 10, ஆளுக்கு ஒரு நோட்டு. எங்கள் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இந்தத் தொகை மார்ச்சில் வந்தால் யாருக்கும் பயனில்லை, ஓணப் பரீட்சைக்கு முன் தலைமை ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். ஆயத்தமாக விற்கும் கைவினைப் பெட்டி எதையும் மொத்தமாக வாங்கி அனுப்பாதீர்கள்; அதில் வெட்ட ஒன்றும் இருக்காது, ஒட்டத்தான் இருக்கும்.

தலைமை ஆசிரியர்களுக்கு: கால அட்டவணையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதாத பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். அந்த 80 நிமிடத்தில் தமிழ்ப் பிரிவு டீச்சரை வேறு வகுப்புக்கோ அலுவலக வேலைக்கோ அனுப்பாதீர்கள்.

பி.டி.ஏ., எம்.பி.டி.ஏ.வினருக்கு: பாத்திக்கு மண் சுமக்க ஒரு சனிக்கிழமை நான்கு பேர் வேண்டும், மூங்கில் பிளக்கக் கத்தி பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், புதன்கிழமை தோறும் வகுப்பில் கூட நிற்க இரண்டு தாய்மார் வேண்டும். 12-ஆவது புதன்கிழமை நாடகத்தை மாலை ஆறரைக்கு வையுங்கள். அப்போதுதான் இருட்டியிருக்கும், தோட்ட வேலைக்கும் திருப்பூர்–கோவை வேலைக்கும் போனவர்களில் சிலராவது வந்து சேர்வார்கள். அறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள், தமிழ் மேலே. நாடகம் 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மேடைப் பேச்சு வேண்டவே வேண்டாம். வந்த தலைவர்களும் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க விரும்பும் பள்ளி எதுவானாலும், பாவை வெட்டும் முதல் இரண்டு புதன்கிழமைகளுக்கு எங்களில் இருவர் வந்து டீச்சரோடு நிற்கிறோம். போக்குவரத்துச் செலவு எங்களுடையது. ஓண விடுமுறைக்கு முன் பி.டி.ஏ. கூட்டத்தில் முடிவெடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்கள் சிலரும் பெற்றோர் சிலரும்